வெள்ளித்திரையில் விஞ்ஞானம் – 14: ஏற்காடு அடிவாரத்துக் கம்பளி யானை

1996 ஜனவரியில் அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசை, 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடரின் இரண்டாவது சீசனைத் தொடங்கியது. முதல் கதையில் ஒரு விசித்திரமான துப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலைகளில் எடுத்த தோட்டாக்களைப் பரிசோதித்தால், அவை வெளிப்பட்ட துப்பாக்கி அந்தக் கொலைகள் நடந்தபோது தயாரிக்கப்படவே இல்லை. சுட்டவர் ஒரு பெண் விஞ்ஞானி. கால இயந்திரத்தில் பின்னோக்கிப் போய், பிற்காலத்தில் கொடுமை செய்யப் போகிறவர்களை அவர்கள் எதுவும் செய்வதற்கு முன்பே தீர்த்துவிட்டு வருகிறார். அமாண்டா பிளம்மர் நடித்தார். அதே ஆண்டு அவருக்கு எம்மி விருது கிடைத்தது.

பழைய 'அவுட்டர் லிமிட்ஸ்' 1963இல் ஏ.பி.சி.யில் தொடங்கி 49 கதைகளோடு 1965 ஜனவரியில் நின்றுபோனது என்பதையும், முப்பது ஆண்டுகள் கழித்து அதே பெயரில் கனடாவின் வான்கூவரில் புதிதாக எடுக்கப்பட்டது என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டாவது சீசன் என்றாலே தயாரிப்பாளர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். முதல் ஆண்டில் ஆர்வம் செலவு செய்யும். இரண்டாம் ஆண்டில் கணக்குப்பிள்ளை உட்காருவார். 'ட்விலைட் ஸோன்' தொடரின் இரண்டாவது சீசனில், 1960–61இல், செலவைக் குறைக்க ஆறு கதைகளைப் படச்சுருளை விட்டுவிட்டு வீடியோ நாடாவில் எடுத்தார்கள். நாடகத்தைப் படம்பிடித்ததுபோல் இருந்ததால் அந்தச் சிக்கனத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பழைய 'அவுட்டர் லிமிட்'ஸின் இரண்டாவது சீசனில் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்டெஃபானோ விலகினார், பணமும் சுருங்கியது, சீசன் பாதியிலேயே கடை கட்டினார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்குத் திரைக்கதை எழுதியவருக்கே அந்த நிலை.

ஆனாலும் இந்த வகைத் தொடர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாரம் ஒரு கதை, ஆட்கள் வேறு, உலகம் வேறு. மாறாமல் இருப்பது கூரை ஒன்றுதான். அதே கேமரா, அதே தச்சர்கள், அதே ஒப்பனைக்காரர்கள். ஒரு வாரக் கதை சொதப்பினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அறிவியல் கதை அமெரிக்கத் திரையில் வேரூன்றியது இப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் முன்னோடி உண்டா என்று தேடினால் தொலைக்காட்சிப் பக்கம் போய்ப் பயனில்லை. சேலம் போய் ஏற்காடு பஸ் ஏற வேண்டும்.

ஊரைத் தாண்டியதும், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, சாலையோரத்தில் ஒரு சிமெண்ட் நுழைவு வளைவு நிற்கிறது. நெற்றியில் ஆங்கிலத்தில் தி மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட். அந்த வாசல் வழியாக நுழைந்தால் ஸ்டூடியோ இருக்காது, வீடுகள்தான் இருக்கின்றன. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, வளைவின் கீழ் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாசல் வழியாக ஹாலிவுட் ஆட்கள் போய்வந்தது தெரியும் என்று சொல்ல முடியாது.

திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். தமிழ்ப் படம் எடுக்க ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. சேலத்திலிருந்து ஒரு பட்டாளத்தையே அழைத்துக்கொண்டு போய், வாடகை ஸ்டூடியோவில் காத்துக்கிடந்து எடுத்துப் பார்த்தவருக்கு, இது கட்டுப்படியாகாது என்று பட்டிருக்க வேண்டும். 1935இல் சேர்வராயன் மலை அடிவாரத்தில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். 1937இல் முதல் படம் 'சதி அகல்யா'. மறு ஆண்டு 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தம புத்திரன்'.

நூற்பாலை நடத்தத் தெரிந்த கை அது. எல்லோருக்கும் மாதச் சம்பளம். நடிகர், இயக்குநர், வசனகர்த்தா, இசையமைப்பாளர் யாராக இருந்தாலும் நேரத்துக்கு வர வேண்டும். 'முதலாளி' கார் உள்ளே நுழையும்போது தளத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும் என்பார்கள். ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்தில். பீம்சிங்குகளும் ஸ்ரீதர்களும் இயக்குநருக்குத் தனி மரியாதை வாங்கித் தருவதற்கு முந்தைய காலம். இங்கே மரியாதை கம்பெனிக்குத்தான். மு. கருணாநிதி இந்தக் கம்பெனியின் கதை இலாகாவில் வேலை பார்த்தார். ஜி. ராமநாதன் இங்கேயே உட்கார்ந்து மெட்டுப் போட்டார். பெரிய கனவுகள் காண்கிறவர்களுக்கு மூச்சுமுட்டும் இடம்தான். ஆனால் அடுத்தடுத்துப் படம் வெளிவரும் இடம் அது.

போதாததற்கு முதுகுக்குப் பின்னால் மலை. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களின் நிழல், பாறைச் சரிவு, மதியமே இறங்கிவிடும் பனி. ஆள் பட்டாளத்தோடு ஊட்டிக்குப் போய் நாள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையின் இன்னொரு முனை அமெரிக்காவில் இருக்கிறது. ராபர்ட் லிப்பர்ட் என்பவர் கலிபோர்னியாவில் வரிசையாகத் தியேட்டர்கள் வைத்திருந்தவர். அங்கே ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்க்கும் வழக்கம் இருந்தது. பெரிய படத்துக்கு முன்னால் ஓட்ட ஒரு சின்னப் படம் வேண்டும். அதை மலிவாக, சீக்கிரமாக எடுத்துத் தருவதே லிப்பர்ட்டின் வியாபாரம். 1950இல் நிலாவுக்குப் போகும் பெரிய வண்ணப்படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தபோது, இவர் அவசர அவசரமாக 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' என்ற படத்தை எடுத்து முந்திக்கொண்டார். வண்ணத்துக்குக் காசில்லை, எனவே செவ்வாய்க் கிரகக் காட்சிகளுக்கு மட்டும் கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்புச் சாயம். மறு ஆண்டு 'லாஸ்ட் காண்டினென்ட்'. காணாமல் போன ராக்கெட்டைத் தேடி ஒரு குழு மலையேறுகிறது; உச்சியில் டைனோசர்கள். இங்கே பச்சைச் சாயம். கதை கரோல் யங், நாயகன் சீசர் ரொமேரோ. படத்தின் பெரும் பங்கு நேரம் ஆட்கள் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். டைனோசர் காட்டச் செலவாகும், பாறை ஏற ஆகாது.

1952இல் அதே கம்பெனி, அதே எழுத்தாளர், அதே சீசர் ரொமேரோ. படம் 'தி ஜங்கிள்'. இயக்கம் வில்லியம் பெர்க். இம்முறை கூட்டாளி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழில் 'காடு'. சாயம் பழுப்பு.

இரு முனைகளையும் முடிச்சுப் போட்டவர் நம் வாசகர்களுக்குப் பழக்கமான மனிதர், எல்லிஸ் ஆர். டங்கன். 1935இல் இந்தியாவுக்கு வந்து, கடைசிவரை தமிழ் பேசக் கற்காமலேயே எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி', எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா' ஆகியவற்றை இயக்கியவர். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 'பொன்முடி'யும் 'மந்திரி குமாரி'யும் செய்தார். பின்னதை முடிப்பதற்குள் அவர் அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரமே முடித்து 1950இல் வெளியிட்டார். அப்படிப் போனவர்தான் 'ஜங்கிள்' தயாரிப்பில் பங்கு பெற்றார்.

படத்தில் பணியாற்றியவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. கேமரா கிளைட் டி வின்னா, தென்கடல் தீவுகளில் எடுத்த படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். நாயகன் ராட் கேமரன், ஆறடிக்கும் மேல் நெட்டையான கௌபாய் நடிகர். இளவரசியாக மேரி விண்ட்சர், அமெரிக்காவின் குற்றப்படங்களில் பெயர் வாங்கியவர். அத்தையாக மௌனப்பட ராணி சுலோசனா. கூடவே நடிகர் டேவிட்டும் நம்ம எம்.என். நம்பியாரும். இசை ஜி. ராமநாதனும் தட்சிணாமூர்த்தியும். 'ஹரிதாஸ்' படத்தின் இசையில் பங்கு பெற்றவரின் பெயர் ஒரு ஹாலிவுட் விஞ்ஞானப் படத்தின் எழுத்துப் பட்டியலில் ஓடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு ழான் ரெனுவார் வங்காளத்தில் எடுத்த 'தி ரிவர்' வெளிவந்திருந்தது. அதைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் சேலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கலைப்படத்துக்கு உள்ள மரியாதை கம்பளி யானைக்குக் கிடைக்காது, போகட்டும்.

கதை இதுதான். ஒரு இந்திய சமஸ்தானம். காட்டு யானைகள் மிரண்டு கூட்டம் கூட்டமாக ஊருக்குள் புகுந்து நாசம் செய்கின்றன. ஏன் மிரண்டன? காட்டுக்குள் போய் உயிரோடு திரும்பிய வெள்ளைக்கார வேட்டைக்காரர் ஒருவர், 'பனியுகத்து மாமூத்துகள் இன்னும் சாகவில்லை, அவைதான் விரட்டுகின்றன' என்கிறார். யாரும் நம்பவில்லை. கூடப் போனவர்களை விட்டுவிட்டு ஓடிவந்த கோழை கட்டிய கதை என்கிறார் சீசர் ரொமேரோ. இளவரசி, வேட்டைக்காரர், ரொமேரோ, பரிவாரம் எல்லோரும் நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்புகிறார்கள்.

நடக்கிறார்கள். நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே புலி வருகிறது, பாம்பு வருகிறது. முந்தைய படத்தில் பாறை ஏறிய அதே சிக்கனம், இங்கே ஒற்றையடிப் பாதையில். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படத்தில் மாமூத்துகள் தலைகாட்டுவது கடைசிப் பகுதியில்தான்.

அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். வருபவை நம் யானைகள். பழக்கிய யானைகள். முதுகிலிருந்து வயிற்றுக்குக் கீழே வரை சடை சடையாக மயிர் தொங்கும் போர்வை. தந்தங்கள் நீண்டு வளைந்து, ஒட்டியவை என்று பார்த்தவுடன் தெரிகிறது. நடக்கும்போது போர்வை ஒரு பக்கமும் யானை ஒரு பக்கமுமாக அசைகிறது. வெயிலில் அத்தனை கம்பளியைச் சுமந்துகொண்டு, பாகன் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நிற்கிற அந்த யானைகளின் பொறுமைக்கு முன்னால் ராட் கேமரனின் நடிப்பு சற்று மட்டுதான். யானைக்கு ரோமம் போர்த்துவது லிப்பர்ட்டின் கண்டுபிடிப்பும் இல்லை. 1940இல் வந்த 'ஒன் மில்லியன் பி.சி.'யிலேயே செய்துவிட்டார்கள். வித்தியாசம், அங்கே யானையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இங்கே அது கோயில் வாசலிலும் நிற்கும்.

இந்தியத் திரையின் ஆரம்பகால அறிவியல் புனைவு என்று இந்தப் படத்தைப் பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. பட்டியலில் இருக்கட்டும். என் தீர்ப்பு வேறு. இந்தப் படம் தோற்றது காசில்லாததால் அல்ல. அந்த மிருகம் இங்கே யாருக்கும் சொந்தமில்லை. கம்பளி மாமூத் வடதுருவக் குளிர்ப் புல்வெளிகளில் வாழ்ந்தது. அதன் கடைசிக் கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவுக்கு அப்பாலுள்ள ராங்கல் தீவில் அழிந்தது. அதை வெப்பக் காட்டில் இறக்கிவிட்டால் நாமும் நம்ப மாட்டோம், அமெரிக்கரும் நம்ப மாட்டார்.

இத்தனைக்கும் வேண்டிய சரக்கு இந்தியாவிலேயே இருந்தது. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1830களில் ஃபால்கனர், காட்லி என்ற இரு பிரிட்டிஷார் தோண்டியெடுத்த புதைபடிவங்களில் ஒரு பழங்கால யானை உண்டு. மூன்று மீட்டருக்கு மேல் நீண்ட தந்தங்கள். பெயர் வைக்கும்போது கணேசா என்றே சேர்த்து வைத்தார்கள்: ஸ்டெகோடான் கணேசா. வெப்ப நாட்டு விலங்கு. போர்வை தேவையில்லை, தந்தம் மட்டும் செய்தால் போதும். கரோல் யங் சேலம் நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் படம் பிழைத்திருக்கும்.

இன்னும் கிட்டத்தில் தேடியிருந்தால், ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே ஒரு கதை இருந்தது. ஏற்காட்டுக்கு மேலே, 5,300 அடிக்கும் அதிகமான உயரத்தில், சேர்வராயன் கோயில். கோயில் என்பதே ஒரு குகை. குனிந்து உள்ளே போனால் சேர்வராயனும் காவேரியம்மனும். குகையின் இருட்டு எங்கே முடிகிறது என்று கேட்டால், காவிரி வரை போகிறது என்பார்கள் மலைவாசிகள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும். முடிவு தெரியாத ஒரு குகை, உள்ளே ஒரு மலைத் தெய்வம், வெளியே 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபிச் செடி. இதிலிருந்து ஒரு விஞ்ஞானக் கதை கட்டத் தெரியாதவன் கதாசிரியனே இல்லை. ஆனால் கதை கலிபோர்னியாவில் தட்டச்சாகி வந்தது. அடிவாரம் இடமும் யானையும் ஆட்களும் கொடுத்தது.

சுந்தரம் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. வியாபாரிக்கு வியாபாரம் தெரியும். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தார், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதிலும் ஒரு குகை இருக்கிறது. மந்திரம் சொன்னால் திறக்கிறது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விஞ்ஞானமா மந்திரமா என்று தமிழ் ரசிகனிடம் கேட்டால் அன்றைக்கு இதுதான் பதில்.

இங்கேதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் பாதை பிரிகிறது. லிப்பர்ட் போன்றவர்கள் தியேட்டரில் செய்த மலிவு விஞ்ஞானம் தொலைக்காட்சிக்குப் போய், வாரா வாரம் அரைமணி, ஒருமணிக் கதைகளாக மாறியது. மோசமான கதை மறக்கப்பட்டது, நல்ல கதை நின்றது. எழுத்தாளர்களுக்கு அது பயிற்சிக்கூடம். முதல் முறை தவறியவன் இரண்டாவது சீசனில் திருத்திக்கொண்டான். நம்மிடம் கூரை இருந்தது, மாதச் சம்பளக் கலைஞர்கள் இருந்தார்கள், அமெரிக்கக் கூட்டாளிகூட இருந்தார். இல்லாதது வாரந்தோறும் சின்னதாகத் தவறிப் பார்க்க ஓர் இடம். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்ட் 15இல். ஒரு தமிழ்ப்படம் என்றால் பத்துப் பாட்டு, நகைச்சுவைத் தனித்தடம், இரண்டரை மணி நேரம். அதில் எவன் சோதனை செய்வான்?

செய்தார்கள், ஒரே ஒரு முறை. 1963 ஏப்ரலில் 'கலை அரசி' வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர்., பி. பானுமதி. வேற்றுக்கிரகத்தில் எல்லாம் முன்னேறியிருக்கிறது, கலை மட்டும் இல்லை. எனவே பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, நன்றாகப் பாடும் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், தங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வைக்கிறார்கள். கேட்கச் சிரிப்பு வரலாம். யோசித்துப் பாருங்கள்: வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வர அமெரிக்கப் படங்கள் கொடுத்த காரணங்கள் படையெடுப்பு, அணுகுண்டு, நிலம். பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவன் என்ற காரணம் இங்கிருந்துதான் வர முடியும். கம்பளி யானையில் இல்லாதது இதில் இருக்கிறது. தட்டு அட்டையில் செய்ததுதான், ஆசை மட்டும் நம்முடையது. 'ஜங்கிள்' படத்தைவிடப் பல மடங்கு நல்ல அறிவியல் கதை இது என்பேன்.

அந்த வேற்றுக்கிரகப் படைத்தலைவன் யார் தெரியுமா? எம்.என். நம்பியார். மாடர்ன் தியேட்டர்ஸின் 'திகம்பர சாமியா'ரில் வேடத்துக்கு மேல் வேடமாக மாற்றிக்காட்டிய அதே நம்பியார். மாமூத் படத்திலும் இருந்தார், பறக்கும் தட்டிலும் இறங்கினார். தமிழ் விஞ்ஞானப் படத்துக்குத் தொடர்ச்சி என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர் முகம்தான். சீசர் ரொமேரோவோ 1966இல் தொலைக்காட்சி 'பேட்மே'னில் ஜோக்கராகி, மீசையை எடுக்க மறுத்து, அதன் மேலேயே வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டு நடித்தார்.

1963 ஏப்ரலில் 'கலை அரசி'. ஆகஸ்டில் டி.ஆர். சுந்தரம் காலமானார். செப்டம்பர் 16இல் அமெரிக்காவில் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' முதல் கதை ஒளிபரப்பானது. சேலத்து ஸ்டூடியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் படம் எடுத்தது, விஞ்ஞானப் படம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம்: சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோ, பத்திரிகைப் பக்கத்திலிருந்து தூர்தர்ஷனுக்குப் போன கதை.

(தொடரும்)